கூடுதல் தாள்

உட்காரக்கூடாது. முதல் மணி அடித்துக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அந்த நாற்காலி என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. கரும்பலகைக்குக் கீழே, பச்சைக் குஷன் தைத்த நாற்காலி. ஹெச்.எம். இன்பராஜ் சாரின் அறையில் விருந்தாளிகளுக்கென்று கிடப்பது. காலையில் அவரே சொல்லி இங்கே தூக்கிவந்து போட வைத்திருக்கிறார். மற்ற ஹால்களில் மர ஸ்டூல்தான், அதிலும் சிலதுக்கு ஒரு கால் ஆடும். இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறேன், எத்தனையோ பரீட்சைக்கு ஹாலில் நின்றிருக்கிறேன், யாரும் எனக்குக் குஷன் போட்டதில்லை. இடது மார்பை எடுத்த பிறகு குஷன் வருகிறது. வேண்டாம் என்று சொல்லலாமென்றால் மனுஷன் கண் கலங்குகிற மாதிரி நின்றுகொண்டு, "பவளக்கொடி டீச்சர், ஒக்காந்தே பாருங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்பதுதானே என் கவலை. போன வாரம் அவர் அறையில் பேசியது வேறு. "அரையாண்டுல ஒரு ஹால் பாருங்க டீச்சர். மூணு மணி நேரம் தாங்குதான்னு பாப்போம். அதுக்கப்பறம் ப்ளஸ் டூ பி செக்‌ஷனத் திருப்பிக் குடுக்குறதப் பத்திப் பேசிக்கிரலாம்." பேசிக்கிரலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், நானும் பெற்றோர்களிடம் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆக இன்றைக்குப் பரீட்சை இந்த இருபது பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. அவர்களுக்குக் கணக்கு, எனக்கு நிற்பது. நின்று காட்டினால் பி செக்‌ஷன். உட்கார்ந்துவிட்டால் நூலகம், அல்லது லீவு எடுத்த ஆசிரியரின் வகுப்பில் போய்ச் சும்மா மேய்ப்பது, அல்லது வீட்டில் ஜன்னலோரம் படுத்துக்கொண்டு தெருவில் எந்த வண்டி போகிறதென்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது. நாலு மாசம் அதைத்தான் செய்தேன். பால் வண்டி, கேஸ் வண்டி, வெங்காய வண்டி. போதும்.

நடக்கலாம். நடந்தால் நாற்காலி கண்ணில் படாது. ஜன்னல் வரிசையில் போய்க் கதவு வரிசையில் திரும்பினால் முப்பத்தாறு எட்டு. பாதம் மரத்துப்போய் செருப்புக்குள் இன்னொரு செருப்பு போட்டிருக்கிற மாதிரி இருக்கிறது, தரை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. ஏழாவது ஊசிக்கு அப்புறம் இப்படி. பன்னிரண்டில் ஏழு முடிந்தது, ஐந்து பாக்கி, வெள்ளிக்கிழமை எட்டாவது. கழுத்தில் வியர்க்கிறது. மார்கழி மாசத்தில் அருப்புக்கோட்டையில் எனக்கு மட்டும் வியர்க்கிறது, விக் உபயம். இதை வாங்கப் போன கடையில் அந்தப் பெண், "உங்க மொகத்துக்கு இது பத்து வயசக் கொறைக்கும் மேடம்" என்றாள். பத்து வயசு குறைந்து நான் என்ன செய்யப்போகிறேன், பத்து வயசு கூடினால் போதும். அம்பத்தொன்று அறுபத்தொன்று ஆனால் போதும். அந்த ஆசை எப்போது வந்தாலும் உடனே வாயில் இரும்புக் கசப்பு ஏறுகிறது, முகக்கவசத்துக்குள் இஞ்சி மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றுகிறேன். மிட்டாய் என் கணவர் தனுஷ்கோடி பையில் போட்டு அனுப்பியது. கேட்டில் இறக்கிவிடும்போது அவரும் சொன்னார், "பாசிட்டிவ்வா இரு, என்ன?" ஸ்கூட்டரைத் திருப்புகிற சாக்கில் முகத்தையும் திருப்பிக்கொண்டார். பெங்களூரிலிருந்து மகள் யாமினி தினம் காலையில் சூரிய உதயம் படம் அனுப்புகிறாள், கீழே இரண்டு வரி வாழ்க்கைத் தத்துவத்தோடு. பெற்ற பிள்ளை அனுப்புகிற சூரியன், பிடிக்கவில்லை என்று சொல்ல முடியுமா? ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சேர்ந்து அட்டை செய்து கொடுத்தார்கள், தைரியலட்சுமி என்று எழுதி ஜிகினா ஒட்டி. என் எதிரில் இருக்கும்போது தைரியலட்சுமி. நான் தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் உள்ளே ஒரு குரல், "பாவம்." யார் குரல் என்று பார்க்கத் திரும்பவில்லை. பாசிட்டிவ்வாக இருப்பதற்கு அட்டவணை உண்டா, எத்தனை பீரியட், நடுவில் இண்டர்வெல் விடுவார்களா? நான் பயப்பட வேண்டுமென்றால் எந்த நேரத்தில் பயப்படுவது? எனக்குப் பயமாக இருக்கிறது. அதைச் சொன்னால் உடனே வாயைப் பொத்துகிறார்கள், பயந்தால் நோய் வளரும் என்கிறார்கள். அப்படியானால் பயந்ததும் என் தப்பு, வளர்ந்ததும் என் தப்பு.

"மிஸ், அடிஷனல் ஷீட்." ஆரம்பித்துவிட்டார்கள். கணக்குப் பரீட்சை என்றால் தாளைத் தின்பார்கள். நாற்பது தாள் கொண்ட கட்டு, ஒவ்வொன்றிலும் பள்ளி முத்திரை. கேட்கிற பிள்ளைக்கு ஒன்று எடுத்து, மூலையில் சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்து, பதிவேட்டில் அவள் எண்ணுக்கு நேரே ஒரு கோடு கிழிக்க வேண்டும். கடைசியில் கொடுத்ததும் மிச்சமும் சேர்ந்து நாற்பது ஆக வேண்டும். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவளே நான்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி முத்திரைத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் விடை எழுதி மறுநாள் செருகினாள், பள்ளிக்கூடமே நாறியது. அப்போது பரீட்சைப் பொறுப்பு என்னிடம். ஒரு தாள் குறைந்தாலும் மேற்பார்வையாளருக்கு மெமோ என்று எழுதி ஹெச்.எம்.மிடம் கையெழுத்து வாங்கினேன். முதலில் மாட்டியவர் இயற்பியல் கனகசபை சார். அன்றைக்கு அவர் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், மனுஷன் ஹாலில் நின்றாரே தவிர உயிர் ஆஸ்பத்திரியில் இருந்தது. "விடுங்க டீச்சர், ஒரு தாளு" என்றார். "தாள் தாள்தான் சார்" என்றேன். எப்படிச் சொன்னேன்! சாக்பீஸால் போர்டில் அடித்த மாதிரி. அப்புறம் இரண்டு வருஷம் அவர் என்னோடு பேசவில்லை. எனக்கு உடம்புக்கு வந்த பிறகு பேசுகிறார், ஃப்ளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து கொடுக்கிறார், அதைக் குடிக்கும்போதெல்லாம் அந்த வார்த்தை தொண்டையில் நிற்கிறது. சரி, தாளை எடு. இதோ இங்கேதான் வம்பு. விரல் நுனியில் ஒன்றுமில்லை. ஓரத்தைத் தேய்க்கிறேன், ஒரு தாளா இரண்டு தாளா என்று விரல் சொல்ல மறுக்கிறது. முன்பெல்லாம் நாக்கில் விரலைத் தொட்டு, சீட்டு மாதிரி பிரிப்பேன். இப்போது முகக்கவசம், நாக்கிலோ புண், டாக்டரோ கையை வாய்க்குக் கொண்டுபோகாதே என்கிறார். ஆபீஸ் கிளார்க் மேஜையில் ஈரப் பஞ்சு வைத்த கிண்ணம் இருக்கிறது. காலையில் கேட்டிருக்கலாம். கேட்டால், எதுக்கு டீச்சர் என்பார், விரல் மரத்திருக்கிறது என்று சொல்ல வேண்டும், அது பத்து நிமிஷத்தில் இன்பராஜ் சார் காதுக்குப் போகும். அதனால் கேட்கவில்லை. ஊதிப் பிரிக்கலாமென்றால் முகக்கவசத்துக்குள் என் மூச்சு எனக்கே திரும்பி வருகிறது.

ஜன்னல் வரிசையில் மூன்றாவது பெஞ்சு ரிஸ்வானா. பி செக்‌ஷன் பிள்ளை, என் பிள்ளை. ஜூலையில் நான் தப்பாக எழுதிய சமன்பாட்டை, என் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கிச் சரிசெய்தவள். ஐந்தாவது தடவையாகக் கை தூக்குகிறாள். எடுத்துக் கொடுத்தேன், கோடு கிழித்தேன், திரும்பி இரண்டு எட்டு வைத்திருப்பேன், முதுகுக்குப் பின்னால் தாள் சரசரப்பது வழக்கத்தைவிட நீளமாகக் கேட்டது. திரும்பினேன். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாகப் போய்விட்டதா? கேட்டுவிடலாம். ரிஸ்வானா, தாள் ஒண்ணுதானா, பாரும்மா. நாலு சொல். கேட்டால் இருபது தலையும் நிமிரும். நாற்பது கண்ணும் என் விரலைப் பார்க்கும், அப்புறம் விக்கைப் பார்க்கும், அப்புறம் இடது பக்கம் நானே பருத்தி அடைத்துத் தைத்த உறை மேலே ஏறியிருக்கிறதா என்று பார்க்கும். ஏறித்தான் இருக்கிறது. புடவையை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தேன். ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டாக இருந்தால் சொல்லமாட்டாளா? நல்ல பிள்ளை. முப்பத்தாறு எட்டு. மறுபடி முப்பத்தாறு. கேட்டிருக்கலாம். கேட்காதது உள்ளே முள்ளாகக் குத்துகிறது, அதன்மேல் காலை வைக்காமல் எந்த நினைப்புக்கும் போக முடியவில்லை. கிளார்க்கிடம் கேட்கவில்லை, இவளிடம் கேட்கவில்லை. இன்னொருத்தியைப் பற்றியும் கேட்கவில்லை. வேண்டாம், அது வேண்டாம். கணக்கைப் பார். ஐந்து ஊசி பாக்கி, வாரம் ஒன்று, பொங்கல் கழித்து முடிந்துவிடும், மார்ச்சில் பொதுத்தேர்வு, கரிம வேதியியல் முழுக்க நான் நடத்திவிடலாம்.

அது வேண்டாம் என்றாலும் வந்துவிட்டது. மதுரையில் ஊசி ஏற்றுகிற அறையில் இருப்பதும் இதே மாதிரி குஷன் நாற்காலிதான், பச்சைக்குப் பதில் நீலம், சாய்த்துவிட்டால் கால் மேலே வரும். வெள்ளிக்கிழமைதோறும் நாலு மணி நேரம் அதில் கிடக்கிறேன், அதனால்தான் இதில் உட்கார உடம்பு கூசுகிறது. ஹெச்.எம்.முக்கு இதை எப்படிச் சொல்வது? அங்கே எனக்கு அடுத்த நாற்காலி சாத்தூர் பேச்சியம்மாளுக்கு. தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிறவள், சிரித்தால் அறை முழுக்கக் கேட்கும். "என்ன டீச்சர், பரீட்சைக்கு வந்த புள்ள மாதிரி மூஞ்சிய வச்சிருக்கீக? ஊசிதான, கொஸ்டின் பேப்பரா?" என்பாள். நர்ஸ் எங்கள் எல்லோரிடமும் அவளைத்தான் காட்டுவாள். "பேச்சியம்மாளப் பாருங்க, எவ்வளவு பாசிட்டிவ்வா இருக்காங்க." கையில் ஊசி குத்தியிருக்கும்போதே, போன திங்கட்கிழமையே ஆபீசுக்குப் போய்விட்டேன், போனால்தான் சோறு இறங்குகிறது என்று சொன்னவள். நானும் வேலைக்குத் திரும்ப வேண்டுமென்று நினைத்ததே அவளைப் பார்த்துத்தான், டாக்டரைக் கேட்டது அப்புறம். இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்த நாற்காலியில் வேறு ஒருத்தி படுத்திருந்தாள். போன வாரமும் அவளேதான். எனக்கு நர்ஸிடம் கேட்க வாய் வரவில்லை. முறை மாறியிருக்கும், கிழமை மாறியிருக்கும், சாத்தூரிலிருந்து பஸ் கிடைத்திருக்காது. இரண்டு வாரமாகவா பஸ் கிடைக்கவில்லை? அவ்வளவு சிரித்தவளுக்கே என்று ஒரு எண்ணம் ஆரம்பிக்கிறது, அதை முடிக்கவிடாமல் நடக்கிறேன். சிரிக்காத எனக்கு என்ன ஆகும் என்று இன்னொன்று ஆரம்பிக்கிறது. கால் தடுக்கியது. பெஞ்சு முனையைப் பிடித்துக்கொண்டேன். கீழே எழுதிக்கொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்து, "மிஸ், ஒக்காருங்க மிஸ்" என்றாள் மெதுவாக. "ஒன் பேப்பரப் பாரு" என்றேன். பழைய குரலே வந்தது. அவள் பயந்துபோய்க் குனிந்தாள். கொஞ்ச நேரத்துக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இரண்டு மணி நேரம் முடிந்ததற்கான மணி. நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. முழங்கால் இரண்டும் நடுங்க ஆரம்பித்துவிட்டன, மூத்திரம் வேறு முட்டுகிறது, மாற்று ஆள் கேட்டால் ஐந்து நிமிஷம் கிடைக்கும், ஐந்து நிமிஷம் விட்டுப்போனாங்க என்று சொல்ல ஒரு வார்த்தையும் கிடைக்கும். பத்து மணியிலிருந்து நிற்கிறேன். சுவரில் சாய்ந்தால் அது நிற்பதில் சேருமா? சேரும். பிரசவத்துக்கு முந்தின நாள்வரை லேபில் நின்றவள்தானே நான். அப்போது உள்ளே ஒன்று வளர்ந்தது, எல்லோரும் கொண்டாடினார்கள். இப்போதும் ஒன்று வளர்ந்தது. சீ, என்ன நினைப்பு இது. ஜன்னலுக்கு வெளியே சாக்கடை ஓடுகிறது, நகராட்சிக்காரர்கள் போன வாரம்தான் அடைப்பெடுத்தார்கள், தண்ணீர் வேகமாகப் போகிறது. பார்த்துக்கொண்டே நின்றால் தலை சுற்றும். முன்னால் பார். இருபது பேனாவும் ஒரே சத்தம். இந்தச் சத்தத்துக்காகத்தான் வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே என்னை யாரும் பார்க்கவில்லை, எல்லோருக்கும் அவரவர் கணக்கு. நான்தான் இவர்களைப் பார்க்கிறேன். பார்க்கிற ஆளாக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நாலு மாசத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் போங்கடி என்றிருப்பேன்.

எச்சரிக்கை மணி. "எல்லாரும் நூல் கட்டுங்க. எண் எழுதியாச்சான்னு பாத்துக்கங்க." கடைசி மணி அடித்ததும் வரிசையாக வாங்கினேன், அவள் வரிசை வந்தபோது வேண்டுமென்றே மெதுவாக. ரிஸ்வானா கட்டியிருந்தது ஏழு தாள். பதிவேட்டில் அவளுக்கு ஏழு கோடு. அப்பாடா. பிள்ளைகள் கலைந்து போனார்கள். நின்றபடியே மிச்சத் தாளை எண்ணினேன், பதின்மூன்று வர வேண்டும், பன்னிரண்டு வந்தது. இரண்டாவது தடவை ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பி எண்ணினேன். பன்னிரண்டு. கோடுகளைக் கூட்டினேன், இருபத்தேழு. முப்பத்தொன்பது. ரிஸ்வானா வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள், போகாமல். "ஒனக்கு ரெண்டு வந்துச்சா?" கேட்டுவிட்டேன், பரீட்சையெல்லாம் முடிந்த பிறகு. அவள் முகம் சிவந்தது. "ஆமா மிஸ். ஒண்ணுல ரஃப் போட்டுப் பாத்தேன். பையில வச்சா காப்பின்னு நெனப்பாங்கன்னு கசக்கி ஜன்னல் வழியாப் போட்டுட்டேன்." சாக்கடையில். இந்நேரம் ஊரைத் தாண்டியிருக்கும். "அப்பவே சொல்ல வேண்டியதுதான?" "சொல்லலாம்னுதான் மிஸ் நெனச்சேன். நீங்க தாளப் பிரிக்க ரொம்பக் கஷ்டப்பட்டீங்க. எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றதுன்னு..." பை வாரை இழுத்து விட்டுக்கொண்டாள். "பாவமா இருந்துச்சு மிஸ்." கோபம் வந்தது. அவள்மேல் வந்து, என்மேல் திரும்பி, எங்கே போவதென்று தெரியாமல் கண்ணில் தண்ணீராக நின்றது. அவள் பாவம் என்று சொல்லாமல் விட்டாள், நான் வெட்கம் என்று கேட்காமல் விட்டேன், நடுவில் ஒரு தாள் போய்விட்டது. "அடுத்த தடவ சொல்லிரணும்" என்றேன். "வகுப்புல நான் சமன்பாட்டத் தப்பா எழுதுனா சும்மாவா இருப்ப?" "இருக்க மாட்டேன் மிஸ்." "போ."

விடைத்தாள் சேகரிக்கும் அறையில் கட்டுகளை வாங்கியவர் கனகசபை சார். ஒரு தாள் குறைகிறது என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், விரல் மரத்ததையும். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பதிவேட்டுல ஒரு கோடு சேத்துப் போட்ருங்க டீச்சர். யாரு பிரிச்சு எண்ணப் போறா?" இந்த மனுஷர் இதை என்னிடம் சொல்கிறார். நான் அவருக்குச் சொல்லாததை. "ஒங்க விஷயத்துல அன்னைக்கு நான் இப்படிச் சொல்லலையே சார்" என்றேன். அவர் நூல்கண்டை எடுத்துக் கையில் உருட்டினார். "அது போச்சு, விடுங்க. அன்னைக்கு எனக்கு ஒங்க மேல அம்புட்டுக் கோவம். ஆனா அந்த மெமோவ வாங்குனப்பத்தான், ஆஸ்பத்திரியில மட்டும் இல்ல, நானும் இங்க வேலையில இருக்குற ஆளுதான்னு ஒறச்சுச்சு." அதைக் கேட்டதும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. நேரே ஹெச்.எம். அறைக்குப் போனேன். இன்பராஜ் சார் எழுந்தே நின்றுவிட்டார். "ஒக்காருங்க டீச்சர், மொதல்ல ஒக்காருங்க. மூணு மணி நேரமும் நின்னீங்களாமே." தாள் விஷயத்தைச் சொன்னேன். "அட, விடுங்க டீச்சர். ஒங்க நெலமையில இதெல்லாம் ஒரு விஷயமா? நான் பாத்துக்கிறேன். நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க." "மெமோ குடுங்க சார்." "என்னது?" "ஒரு தாள் கொறஞ்சா மெமோ. சட்டம் நான் எழுதுனது, கையெழுத்து நீங்க போட்டது. கனகசபை சாருக்குக் குடுத்தீங்கல்ல." "டீச்சர், ஒங்களுக்குப் போய்... வெளிய யாராச்சும் கேட்டா என்னைய என்ன சொல்லுவாங்க?" "ஒடம்பு சரியில்லாதவங்களுக்கு நீங்க பழம் வாங்கிக் குடுக்கலாம் சார். வேல பாக்குறவங்களுக்கு மெமோதான் குடுக்கணும். நான் எதுன்னு நீங்களே சொல்லிருங்க." பாசிட்டிவ்வாகவெல்லாம் நான் அங்கே நிற்கவில்லை, முழங்கால் ஆட, விக் கோணிப்போய், அழுகிற மாதிரி நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நோயாளியைப் பார்க்கிற பார்வை மெல்ல மெல்லக் கழன்று, உள்ளே ஓர் எரிச்சல் தெரிந்தது. பழைய எரிச்சல், பாட அட்டவணைக்காக வருஷா வருஷம் என்னோடு மல்லுக்கு நிற்கும்போது வருவது. எவ்வளவு நாளாயிற்று அதைப் பார்த்து. மேஜை டிராயரை இழுத்து அச்சடித்த மெமோ படிவத்தை எடுத்தார். பெயர் எழுதினார். பதவி, முதுகலை ஆசிரியர், வேதியியல். அதற்குக் கீழே, கையாளும் வகுப்பு என்று ஒரு கோடு. பேனா அங்கே நின்றது. அவர் நிமிரவில்லை. வெளியே பிள்ளைகள் விடைகளை ஒப்பிட்டுக்கொண்டு போகிற சத்தம். பிறகு பன்னிரண்டு பி என்று எழுதினார். எழுதிவிட்டு, "மூணு நாளைக்குள்ள வெளக்கம் குடுத்துரணும்" என்றார் கறாராக. இன்றைக்குச் செவ்வாய். "வெள்ளிக்கிழம எனக்கு மதுர சார். வியாழக்கிழமையே குடுத்துர்றேன்." பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது. வெள்ளிக்கிழமை அந்த நர்ஸிடம் பேச்சியம்மாளைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும், பதில் எதுவாக இருந்தாலும். விளக்கத்தில் எழுத வேண்டியது இரண்டே வரி. சிகிச்சையினால் விரல் நுனியில் உணர்வு இல்லை. இனி ஹாலுக்குப் போகும்போது ஈரப் பஞ்சுக் கிண்ணம் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்வேன். மெமோவை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தேன். "இப்ப ஒக்காந்துக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு, எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.